தார்ப்பாய் கட்ட லாரி மேல் ஏறணுமா? பாதுகாப்பு பெல்ட்டைப் பற்றிப் பேசும் முன் ஒரு கேள்வி

நெடுஞ்சாலையில் ஒரு லோடு லாரிக்குப் பின்னால் பைக்கில் போனால் கண்ணுக்கு நேராகத் தெரிவது அதன் தார்ப்பாய்தான். நான்கு பக்கமும் இழுத்து, மூலைகளைப் புடவைக் கொசுவம் மாதிரி மடக்கி, மேலே கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, பக்கவாட்டுக் கொக்கிகளில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நன்றாகக் கட்டிய பாய் எவ்வளவு தூரம் போனாலும் படபடக்காது, பார்க்க அழகாகக்கூட இருக்கும். அதைக் கட்டியவர் எங்கே நின்று கட்டினார் என்று நாம் யோசிப்பதில்லை. பெரும்பாலும் அந்த மூட்டைகளின் மேலேதான் நின்றிருப்பார், தரையிலிருந்து 12 அடி உயரத்தில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல், இரண்டு கையிலும் பாயைப் பிடித்தபடி, பல நேரம் பின்பக்கமாக நடந்துகொண்டு.

இந்த வேலையில் இருக்கும் ஆபத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடோனில் இப்போதுதான் சூப்பர்வைசராகச் சேர்ந்தவர், ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர், அரிசி ஆலை நடத்துபவர், தொழில் பாதுகாப்பு படிக்கும் மாணவர், இப்படிப்பட்டவர்களை மனதில் வைத்திருக்கிறேன். நான் சில வருடம் ஒரு குடோனில் லோடு ஏற்றி அனுப்பும் பகுதியைப் பார்த்துக்கொண்டவன். இதில் எனக்குத் தெரிந்ததில் பாதி, அங்கே நான் செய்த தப்புகளிலிருந்து தெரிந்துகொண்டது.

12 அடி பெரிய உயரமா?

"உயரத்தில் வேலை" என்றதும் செல்போன் டவர், பத்து மாடிக் கட்டடத்தின் சாரம், தண்ணீர்த் தொட்டி இதெல்லாம்தான் ஞாபகம் வரும். லாரியை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தினமும் ஏறி இறங்குகிற வண்டிதானே என்ற நினைப்பு.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். லாரியின் தளமே தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி. அதன்மேல் மூட்டைகளை அடுக்கினால் உச்சி 12 அடிக்கு வந்துவிடும், பஞ்சு, வைக்கோல் மாதிரி எடை குறைந்த சரக்கு என்றால் இன்னும் மேலே. 12 அடியிலிருந்து விழுகிற ஒருவர் தரையைத் தொட ஒரு நொடிகூட ஆகாது, 0.86 நொடி. தொடும்போது வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் 30-ல் போய் நேராகச் சுவரில் மோதினால் என்ன ஆகுமோ அதுதான். இதில் இன்னொரு வேறுபாடும் உண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறவர் கையையாவது நீட்டுவார். பாயை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தவர் விழுவது முதுகாலோ பிடரியாலோதான்.

சரி, 12 அடி வேண்டாம், காலி லாரியின் தளத்திலிருந்து விழுந்தால்? 4 அடிதான். அதிலும் மணிக்கட்டு, இடுப்பு உடைந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் தொழிற்சாலை வேலைகளுக்குப் பொதுவாக 4 அடி உயரம் வந்தாலே விழாமல் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்கிறார்கள். பிரிட்டனில் 2005-ல் வந்த விதி, இத்தனை அடிக்கு மேல் என்ற எண்ணையே வைத்துக்கொள்ளவில்லை, விழுந்தால் அடிபடுமா என்பதுதான் அங்கே கேள்வி. நம் நாட்டில் பல பத்தாண்டுகள் தொழிற்சாலைகளுக்கு வழிகாட்டிய 1948 சட்டத்தின் 32-வது பிரிவும் இதே மாதிரிதான் பேசியது: விழுந்துவிடக்கூடிய உயரத்தில் ஒருவர் வேலை செய்ய வேண்டியிருந்தால், முடிந்த அளவுக்கு வேலி போட்டோ வேறு வழியிலோ அவரைக் காக்க வேண்டும். அடிக்கணக்கு எதுவும் அதில் சொல்லப்படவில்லை. லாரி என்றால் விட்டுவிடலாம் என்றும் சொல்லப்படவில்லை.

ஆள் எப்படி விழுகிறார்?

"அவன் கவனமா இல்ல." ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு முதலில் கேட்கும் வாக்கியம் இது. இந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஏனென்றால் இருபது வருடம் விழாமல் பாய் கட்டியவர்களும் விழுகிறார்கள். வேலையின் அமைப்பே அப்படி.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மழை வரும் போல இருந்த ஒரு சாயங்காலம். லோடு முடிந்து நின்ற லாரியின் மேல் ஐம்பது வயது லோடுமேன் ஒருவர் சுருட்டிய பாயை கேபின் பக்கத்தில் வைத்துவிட்டு, அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே பின்பக்கம் நோக்கி வந்தார். முகம் கேபினைப் பார்த்தபடி, கால் பின்னால். ஒவ்வொரு எட்டுக்கும் குதிகாலால் அடுத்த மூட்டையைத் தடவிப் பார்த்து வைப்பார், அது அவர் பழக்கம். கடைசி வரிசை மூட்டையில் குதிகால் பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தபோது கீழே டீ கொண்டுவந்த பையன் "அண்ணே!" என்று கத்தினான். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எழுந்து நிற்கப் பார்க்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, உட்கார்ந்தார், அதுதான் அவரைக் காப்பாற்றியது. டீ ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் வேறு கதை. அவரைக் கவனமில்லாதவர் என்று எப்படிச் சொல்வது? அந்த வேலையைப் பின்னால் நடக்காமல் செய்யவே முடியாதபடி வைத்திருந்தது நாங்கள்தான்.

ஆங்கிலத்தில் தார்பாலின், நமக்குத் தார்ப்பாய். பாய் என்று முடிவது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். விரித்த பாய் அடியில் இருப்பதை மறைத்துவிடும். இரண்டு மூட்டைக்கு நடுவில் ஒரு முழங்கால் இறங்குகிற அளவு பள்ளம் இருக்கும், ஓரத்தில் மூட்டை முடிந்து பாய் மட்டும் அரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே நிற்பவருக்கு எல்லாம் ஒரே சமதளமாகத் தெரியும். பாய் விரிப்பதற்கு முன்னால் மூட்டைகளின் மேல் நடந்ததைவிட விரித்த பிறகு நடப்பதுதான் ஆபத்து. புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

அப்புறம் கயிறு. பாய் கட்டுகிறவர்கள் உடம்பின் மொத்த எடையையும் பின்னால் சாய்த்துத்தான் கயிற்றை இறுக்குவார்கள். கயிறு பிடித்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. முடிச்சு நழுவினால், அல்லது வெயிலில் கிடந்து இற்றுப்போன நைலான் கயிறு அறுந்தால், சாய்ந்த ஆள் சாய்ந்தபடியே போவார். தரையில் நின்று இழுத்தவர் புட்டத்தில் விழுந்து நாலு பேர் சிரிப்பார்கள். மேலே ஓரத்தில் நின்று இழுத்தவருக்குச் சிரிப்பு வராது. அதனால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இன்றைக்கே மாற்ற முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: கயிற்றை மேலிருந்து போடலாம், ஆனால் இறுக்குவது எப்போதும் தரையில் நின்றுதான்.

மூட்டையின் வகையும் கணக்கில் வரும். சாக்கு மூட்டையில் கால் பிடிக்கும். பிளாஸ்டிக் நூலில் நெய்த மூட்டை வழுக்கும், அதன்மேல் சிமெண்ட் தூளோ மாவுத் தூளோ படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ரப்பர் செருப்போடு ஏறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அதற்காக வெறுங்காலும் சரியில்லை. பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட ஷூதான் வேண்டும்.

காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தமிழில் பாய் என்ற சொல்லுக்குக் கப்பல் பாய் என்ற பொருளும் உண்டு, காற்றில் தூக்கிய தார்ப்பாய் அதுவாகவே மாறிவிடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று, ஆடி மாதத்தில் இது சாதாரணம், 10 அடிக்கு 10 அடி விரிந்து நிற்கிற பாயின் மேல் நேராக அடித்தால் கிட்டத்தட்ட 40 கிலோ எடை இழுக்கிற மாதிரி இழுக்கும். ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்காது, ஆனால் நிலை தடுமாற வைக்க அதில் கால்வாசி போதும். இதில் வேடிக்கை என்னவென்றால் கையில் இருக்கும் பொருளை விட்டுவிட நமக்கு மனம் வராது. பாய் பறக்கிறதே என்று இன்னும் இறுக்கிப் பிடிப்போம், அதோடு போவோம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே லாரியை நிறுத்திப் பாயைச் சரிசெய்கிற ஓட்டுநர்கள் இதை நன்றாக அறிவார்கள். காற்று அடித்தால் பாயை விடு என்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும், தானாக வராது.

மழை வந்தால் எல்லாமே கெட்டுப்போகும். பாய் வழுக்கும், கயிறு வழுக்கும், கான்வாஸ் பாய் தண்ணீரைக் குடித்து எடை ஏறும். 30 அடிக்கு 20 அடி உள்ள சாதாரணப் பிளாஸ்டிக் பாயே, சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று வைத்தால், 14 கிலோ வரும். கான்வாஸ் இதைவிடக் கனம், நனைந்தால் இன்னும் கனம். ஆனால் மழை வரும்போதுதான் எல்லோரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்பார்கள். ஐப்பசியில் டெல்டா பக்கம் நெல் மூட்டை ஏற்றிய லாரியின் மேல் முதல் தூறல் விழும்போது ஆட்கள் ஏறுகிற வேகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நனைந்த நெல்லுக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்ற பயம் அது. வேலையில் மிக அவசரமான நேரமும் மிக ஆபத்தான நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. வானத்தைப் பார்த்துப் பாதி லோடிலேயே ஒரு பாயைத் தயாராகப் போட்டு வைத்தால் இந்த ஓட்டம் குறையும்.

ஏறுவதிலும் இறங்குவதிலும் விழுகிறவர்களையும் மறந்துவிடக் கூடாது. டயரில் கால் வைத்து, கொக்கியில் கால் வைத்து, கயிற்றைப் பிடித்துத் தொங்கி ஏறுவார்கள். இறங்கும்போது கடைசி 5 அடியை ஒரு குதி. வேலை முடிந்து களைத்த கால், கீழே கல்லோ பள்ளமோ, கணுக்கால் போயிற்று.

தலைக்கு மேல் கம்பி

இது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் இதில் விழாமலே உயிர் போகும். சாலையைக் குறுக்காகக் கடக்கும் 11 கிலோவோல்ட் மின்கம்பி குறைந்தது 6.1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தெரு இல்லாத இடங்களில், அதாவது வயல், திறந்த வெளி மாதிரி இடங்களில், உறையில்லாத 11 கிலோவோல்ட் கம்பிக்கு 4.6 மீட்டர் இருந்தாலே போதும். இப்போது லாரியைக் கொண்டுபோய் அடியில் நிறுத்துங்கள். லோடின் உச்சி 4 மீட்டர். அதன்மேல் ஒரு ஆள், 1.7 மீட்டர். மொத்தம் 5.7. கையைத் தூக்கிக் கயிற்றை வீசினால் 6 மீட்டரைத் தாண்டும். சாலைக் கம்பிக்கே இடைவெளி இல்லை, வயல்வெளிக் கம்பி என்றால் அவர் நிமிர்ந்து நிற்கவே முடியாது. தொடக்கூட வேண்டியதில்லை, மிக அருகில் போனாலே மின்சாரம் பாயலாம். ஈரக் கயிறு இன்னொரு வழி. வைக்கோல் லாரிகள் கம்பியில் உரசித் தீப்பிடிப்பதைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம், அதே கம்பியின் அடியில் நின்று பாய் கட்டும் ஆளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. வண்டியை நிறுத்திய உடனே, யாரும் ஏறுவதற்கு முன்னால், ஒருவர் தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். இதற்குப் பத்து பைசா செலவில்லை.

முதல் கேள்வி: ஏறாமல் முடியுமா?

பாதுகாப்புத் துறையில் ஒரு எளிய வரிசை உண்டு. ஆபத்தை முதலில் இல்லாமல் செய்யப் பார். முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு வை. அதுவும் முடியாவிட்டால், விழுந்தாலும் அடி குறைவாகப் படும்படி செய். பெல்ட், ஹெல்மெட் எல்லாம் இந்த வரிசையின் கடைசியில் வருகிறவை. நாம் செய்வது நேர் எதிர். ஒரு விபத்து நடந்தால் மறுநாளே பத்து பெல்ட் வாங்கி ஆணியில் மாட்டிவிடுவோம், மேலே ஏறுவது அப்படியே தொடரும். நானும் அதைத்தான் செய்தேன். அந்தப் பெல்ட்டுகளில் சிலந்தி கூடு கட்டியது.

ஏறாமல் முடியுமா என்ற கேள்விக்குப் பல நேரம் பதில் "முடியும்" என்றே வருகிறது. மூடிய கன்டெய்னர் பாடியில் சரக்கு போனால் பாயே தேவையில்லை. பக்கத்தில் திரை மாதிரி இழுத்து மூடுகிற வண்டிகள் உண்டு. மணல், ஜல்லி, சாம்பல் ஏற்றும் டிப்பர்களில் கைப்பிடியைச் சுற்றினாலோ சுவிட்சைத் தட்டினாலோ பாய் தானே விரிந்து மூடும் ரோலர் அமைப்பைப் பொருத்தலாம், ஓட்டுநர் தரையில் நின்றே முடித்துவிடலாம். இதற்கு ஒரு நிபந்தனை, லோடு பக்கப் பலகையின் விளிம்புக்குக் கீழே, நடுவில் கூம்பு இல்லாமல் சமமாக இருக்க வேண்டும். கூம்பாகக் குவித்த டிப்பரில் எந்த ரோலரும் ஓடாது, அப்புறம் ஆள்தான் மேலே ஏறி மண்வெட்டியால் சமன் செய்வார். பாய் கட்டும் ஆபத்து பாய் கட்டும்போது தொடங்குவதில்லை, லோடு ஏற்றும்போதே தொடங்கிவிடுகிறது என்று நான் அடிக்கடி சொல்வது இதனால்தான்.

மூட்டை லோடுக்கு எங்கள் குடோனில் ஒரு முறையை முயன்று பார்த்தோம். பாயை விசிறி மடிப்பாக மடித்து, அதன் முன் மூலைகள் இரண்டிலும் நீளமான கயிறு கட்டி, ஃபோர்க்லிஃப்ட் முள்ளில் பலகை வைத்து அதில் ஏற்றி லோடின் ஒரு முனையில் வைத்துவிடுவோம். கயிறுகளை லோடுக்கு மேலாக மறுமுனைக்கு வீசுவோம். இரண்டு பேர் தரையில் நின்று ஆளுக்கொரு கயிற்றை இழுத்தால் பாய் மடிப்பு மடிப்பாகப் பிரிந்து வரும். முதல் நாள் மூன்று தடவை மூட்டைக் காதில், அதாவது மூட்டை மூலையில் துருத்தும் நுனியில், மாட்டிக்கொண்டு நின்றது. பழைய லோடுமேன்கள் சுற்றி நின்று சிரித்தார்கள், "ஏறியிருந்தா இந்நேரம் மூணு வண்டி முடிச்சிருப்போம் சார்" என்றார் ஒருவர். அவர் சொன்னது சரிதான். மூட்டைக் காதுகளை உட்பக்கமாக அடுக்கச் சொன்ன பிறகுதான் பாய் ஒழுங்காக ஓடியது. உச்சி சமமாக இருக்கும் லோடுக்கு இது நன்றாக வேலை செய்யும். மேடு பள்ளமாக, கலந்த சரக்காக இருந்தால் செய்யாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏறியே ஆக வேண்டும் என்றால் அடுத்த கேள்வி: விழ முடியாத இடத்தில் நின்று கட்ட முடியுமா? சிமெண்ட் ஆலைகளில் லாரி உள்ளே வந்து நிற்க இருபக்கமும் உயரமான மேடை வைத்துப் பார்த்திருப்பீர்கள். படிக்கட்டில் ஏறி, இடுப்புக்கு மேல் வரும் கைப்பிடிக் கம்பிக்கு உள்ளே நின்று பாயை இழுத்துப் போடலாம். உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே இதைச் செய்துவிடலாம்தான், ஆனால் நம் லாரிகள் ஒன்றுபோல ஒன்று இருப்பதில்லை. ஒன்றின் லோடு 10 அடி, அடுத்தது 13 அடி. மேடைக்கும் லோடுக்கும் நடுவில் ஆள் நழுவுகிற அளவு இடைவெளி இருந்தால் மேடை இருந்தும் பயனில்லை. மடக்கி நீட்டும் பலகை வைத்து அந்த இடைவெளியை மூடுவார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், பக்கமிரண்டும் மேடை இருந்தாலும் பின்பக்கம் திறந்தேதான் இருக்கும். பின்னால் நடந்து வருகிறவர் விழுவது அந்தப் பக்கம்தானே.

மேடைக்குக் காசில்லாத சின்ன இடத்தில் சக்கரம் வைத்த படிக்கட்டு, மேலே கைப்பிடிக் கூண்டு உள்ளது, ஒன்று வாங்கலாம். லாரியைச் சுற்றி நகர்த்தி நகர்த்தி அதில் நின்றபடியே ஓரங்களைச் சரிசெய்யலாம். சுவரில் சாய்த்த மூங்கில் ஏணி இதற்கு ஈடாகாது. ஏணியில் ஒரு கை எப்போதும் ஏணிக்கே வேண்டும், பாய் கட்ட இரண்டு கை வேண்டும்.

பெல்ட் ஏன் பல நேரம் ஏமாற்றும்?

இப்போது பெல்ட்டுக்கு வருவோம். இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை மறந்துவிடுங்கள், விழும்போது அதுவே முதுகெலும்பையும் வயிற்றையும் கெடுத்துவிடும். தோள், தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரக் குறியோடு வருவது, அதுதான் வேண்டும். ஆனால் நல்ல பெல்ட் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது.

பெல்ட்டோடு வரும் சாதாரணக் கயிறு ஏறக்குறைய 2 மீட்டர். ஆள் விழும்போது அந்த 2 மீட்டரும் முதலில் நீளும். அப்புறம் அதிர்ச்சியைத் தாங்கும் பை பிரிந்து இன்னும் ஒன்று, ஒன்றரை மீட்டர் நீளும். கொக்கி மாட்டிய முதுகு வளையத்திலிருந்து கால் வரை ஒன்றரை மீட்டர். கீழே கொஞ்சமாவது மிச்ச இடைவெளி வேண்டாமா, அதற்கு ஒரு மீட்டர். கூட்டிப் பாருங்கள், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டர் காலி இடம் தேவைப்படுகிறது. லாரி லோடு மொத்தமே 4 மீட்டர்தான்! கால் மட்டத்தில், லாரியின் பாடிக் கம்பியிலோ லோடு கயிற்றிலோ கொக்கியை மாட்டிக்கொண்டு வேலை செய்கிறவர் விழுந்தால், கயிறு அவரை நிறுத்தி முடிப்பதற்கு முன்னாலேயே தரையைத் தொட்டிருப்பார். பெல்ட் போட்டிருந்தார் என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

லாரிக்கு ஏற்றது வேறு வகை. தலைக்கு மேலே, ஷெட்டின் உத்தரத்திலோ அதற்கென்று நட்ட தூண்களுக்கு நடுவே இழுத்த இரும்புக் கம்பியிலோ, தானே சுருண்டுகொள்ளும் கயிற்றுப் பெட்டி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். கார் சீட் பெல்ட் போலத்தான் அது வேலை செய்யும். மெதுவாக நடந்தால் கயிறு வெளியே வரும், வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும். விழுந்த ஆள் இரண்டு மூன்று அடிக்குள் நின்றுவிடுவார். இதிலும் பெட்டி நேர் மேலே இருக்க வேண்டும், பக்கவாட்டில் தள்ளியிருந்தால் ஆள் ஊஞ்சல் மாதிரி ஆடி லாரியிலோ தூணிலோ போய் மோதுவார். உத்தரம் அந்த இழுப்பைத் தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் கேட்காமல் மாட்டக் கூடாது, தகரக் கூரையின் குழாய் தாங்காது.

தொங்கினவரை யார், எதை வைத்து இறக்குவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். அசையாமல் பெல்ட்டில் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கிச் சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். பக்கத்தில் ஒரு படிமேடை இருந்தால் போதும், தள்ளிக்கொண்டு வந்து காலை ஊன்ற வைத்துவிடலாம்.

ஹெல்மெட் என்றால் தாடைப் பட்டியோடு. பட்டி இல்லாத ஹெல்மெட் ஆளுக்கு முன்னால் தரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

யாராவது விழுந்துவிட்டால் நாலு பேர் கையும் காலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் போடுவதுதான் நம் வழக்கம். அன்பில் செய்கிறோம், ஆனால் கழுத்தெலும்போ முதுகெலும்போ உடைந்திருந்தால் அந்தத் தூக்கல் கை கால்களை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிடலாம். அசைக்காமல் அப்படியே படுக்க வைத்து, தலையை ஒருவர் ஆடாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அவர் யாருடைய ஆள்?

பாய் கட்டும் ஆள் பல இடங்களில் யாருடைய ஆளும் இல்லை. சரக்கு ஏற்றும் ஆலை "லாரிக்காரர் பாடு" என்கிறது. லாரி முதலாளி "டிரைவர் பார்த்துக்குவார்" என்கிறார். ஓட்டுநரோ ராத்திரி முழுக்க ஓட்டி வந்த கண்ணோடு, வாசலில் நிற்கும் ஒருவருக்கு வண்டிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டச் சொல்கிறார். இப்போது பல லாரிகள் கிளீனர் இல்லாமல் ஓடுகின்றன, அதனால் ஓட்டுநரே தனியாக ஏறிக் கட்டுவதும் சகஜமாகிவிட்டது. வண்டிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் மெதுவாகக் கட்ட மாட்டார், கட்டினால் அன்றைய கூலி குறையும். அவரிடம் போய்ப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதைவிட, நாள் கூலியாக மாற்றினால் வேகம் தானே குறையும் என்பது என் அனுபவம். என் கருத்தில், வண்டி எந்த வளாகத்துக்குள் நிற்கிறதோ அந்த இடத்துக்காரர்தான் மேடைக்கும் பெல்ட் மாட்டும் கம்பிக்கும் பொறுப்பு, ஏனென்றால் அதைக் கட்ட முடிந்தவர் அவர் மட்டும்தான். லாரியோடு மேடையைத் தூக்கிக்கொண்டு யாரும் வர முடியாது.

தொழிலாளர் பக்கம் ஒரு தகவல்: 1982-ல் வந்த தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் நல வாரியம் இருக்கிறது, சுமை தூக்குகிறவர்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம், விபத்து உதவித் தொகையும் உண்டு. பதிவு செய்யாத லோடுமேன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அட்டையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் புதுப்பிக்க மறந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வண்டி நகர்கிற ஆபத்து. மேலே ஆள் இருப்பது தெரியாமல் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுவார். எடைமேடைக்குக் கூப்பிட்டிருப்பார்கள், பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கும், "முடிஞ்சுதா?" என்று இவர் கத்துவார், மேலிருந்து வரும் "ஆங்" என்ற சத்தம் முடிந்தது என்று கேட்கும். இரண்டு அடி நகர்ந்தாலும் மேலே நிற்பவருக்குக் காலடியில் இருந்து பாயை உருவின மாதிரிதான். சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, கைப்பிரேக் போடுவது எல்லாம் சரி. எங்கள் குடோனில் இதற்கு வழி கண்டுபிடித்தது நான் அல்ல, அன்றைக்கு ஓரத்தில் உட்கார்ந்தாரே, அதே லோடுமேன்தான். அதற்கப்புறம் எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் ஓட்டுநரிடம் கை நீட்டுவார். சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் போட்டுக்கொள்வார். வேலை முடிந்ததும் ஹாரன் அடித்து அவசரப்படுத்துகிறவர்களை மேலிருந்து பார்த்து, "அடிப்பா அடி, சாவி எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, முகத்தை லாரிப் பக்கம் திருப்பி ஒவ்வொரு படியாக இறங்குவார்.